குமிழியோடை

நதிக்கரைகளிலே நகரங்கள் தோன்றி வளர்ந்தமை வரலாறு கூறும் உண்மை. வளர்ந்த நகரங்கள் தம்மை வளர்த்த நீரையே மாசுபடுத்தியமையும் அவ்வரலாற்றின் ஒரு கூறாகும். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக் குமிழியோடை இதற்குச் சான்று பகரும்.

1865 ஆம் ஆண்டு திசெம்பர் 25 ஆந் திகதி, அந்நகரின் தென்புறத்துச் சதுப்பு நிலத்தில் யூனியன் கால்நடைப் பட்டிகள் திறக்கப்பட்டன. மேற்கே வளர்ந்த மாடுகளும் பன்றிகளும் புகையிரதங்களில் அங்கு கொண்டுவரப்பெற்றன. குளிரூட்டிய பெட்டிகள் வழக்கிற்கு வந்தபின், அவற்றின் இறைச்சி தூர நகரங்களையும் அடைந்தது. குருதியும் குடலும் கொழுப்புமோ அயலிலிருந்த சிக்காகோ ஆற்றின் சிறு கிளையொன்றிற் கொட்டப்பட்டன. ஓட்டம் குன்றிய அந்நீரில் அவை படிந்து அழுகின. அழுகலிற் பிறந்த வாயுக்கள் குமிழிகளாய் மேலெழுந்தமையால் அக்கிளை குமிழியோடை எனப் பெயர்பெற்றது. அதன் இழிநிலையை அப்டன் சிங்கிளேயர் 1906 இல் வெளியிட்ட 'தி ஜங்கிள்' என்னும் நாவல் உலகறியச் செய்தது.

சிக்காகோ ஆறு மிச்சிகன் ஏரியிற் கலந்தது. நகர மக்கள் குடித்ததும் அவ்வேரியின் நீரையே. ஆகவே 28 மைல் நீளமான கால்வாயொன்று வெட்டப்பட்டு, 1900 இல் ஆற்றின் ஓட்டம் எதிர்ப்புறம் திருப்பப்பட்டது. ஏரி காக்கப்பட்டது, கழிவோ மிசிசிப்பி ஆற்றை நோக்கிச் சென்றது. அவ்வாற்றங்கரையிலுள்ள மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. தீங்கு தக்கவாறு நிறுவப்படவில்லையெனக் கூறி உயர் நீதிமன்றம் 1906 இல் அதனைத் தள்ளியது.

பட்டிகள் 1971 இல் மூடப்பட்டன, குமிழிகள் ஓயவில்லை. ஓடையின் அடிச்சேற்றிலே பார உலோகங்களும் செறிந்திருத்தல் பின்னர் அறியப்பட்டது. இவை விலங்குக் கழிவினால் மட்டும் வந்தவையல்ல. பிற ஆலைகளும் நகர வடிகால்களும் இவற்றைச் சேர்த்தன. ஆயினும் இத்தகைய சேறு உலோகங்களைப் பற்றிவைக்கும் இயல்பினது. ஒட்சிசனற்ற அழுகலில் உண்டாகும் சல்பைட்டு, ஈயம், நாகம், செம்பு ஆகியவற்றுடன் கூடிக் கரையாச் சேர்வைகளாக அடியிலே தங்கும். சேறு கலக்கப்பட்டு ஒட்சிசன் புகுமாயின் அவை மீண்டும் நீரிற் கரையக்கூடும். ஆதலின் அச்சேற்றை அகற்றுதலும் எளிதன்று; அவ்வாறே விடுதலும் தகாது.

சிக்காகோ தன் கழிவை முதலில் ஓடைக்கும், பின்னர் அயல் மாநிலத்துக்கும் தள்ளியது. தள்ளிய கழிவு ஒழிந்துவிடவில்லை. ஒரு நூற்றாண்டின் வாணிகம் ஈட்டிய செல்வம் பலரிடம் பிரிந்துபோயிற்று. அதன் கடனோ ஓடையின் அடியிலே தீராது கிடக்கின்றது. ஆறுகளின் அருகே ஆலை அமைக்க முற்படுவோர், இலாபத்தைக் கணக்கிடும்போதே இக்கடனையும் கணக்கிடுதல் கடனாகும்.