எழுத்துக்கூட்டுப் புதிர்

எழுத்துக்கூட்டுப் புதிர் என்பது கொடுத்த சில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கலைத்துப் போட்ட எழுத்துகளை வரிசைப்படுத்தச் சொல்லிச் சிறுவர் இதழ்களில் வருவது இதன் எளிய வடிவம்.

தமிழில் இதற்கு முன்னோடிகள் புலவர்கள். புதிர் போடுகிறவர் சில எழுத்துகளுக்குள் தம்மை அடைத்துக்கொள்வார். பொருள் காண்பது கேட்பவர் பாடு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பாடிய திருமாலைமாற்றில், ஒவ்வொரு பாட்டையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டுத்தான் வரும். 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் இத்தகைய வித்தைகளுக்குச் சொல்லணியியலில் இலக்கணம் வகுத்தது. காளமேகப் புலவர் தகர வரிசையை மட்டும் கொண்டு ஒரு வெண்பாவே பாடினார். அருணகிரிநாதரின் கந்தரந்தாதியிலும் அப்படி ஒரு பாட்டு உண்டு. தோற்ற புலவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூரார் அதற்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்றார் என்பது கதை. கதையை நம்பாவிட்டாலும், உரையில்லாமல் அந்தப் பாட்டை இன்று யாரும் கடந்துவிட முடியாது.

தமிழில் எழுத்து 247. உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எழுத்து என்பதால் ஒரு சொல்லில் கலைத்துப் போட அதிக எழுத்து கிடைக்காது. அதை ஈடுகட்டுவது இலக்கணம். திருப்பூர்க்காரர்களுக்கு வாயில் நிற்கும் ‘பனியன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். புள்ளி வைத்த எழுத்து சொல்லைத் தொடங்காது. னகர வரிசையும் தொடங்காது. யகரமோ தொல்காப்பியப்படி ‘யா’வாக மட்டுமே முதலில் வரும். மிஞ்சுவது ‘ப’ ஒன்றுதான். அதிலிருந்து பனி, பயன், பேச்சுவழக்கை ஒப்புக்கொண்டால் பன்னி, டீக்கடையையும் சேர்த்தால் பன். தேர்ந்தவர்கள் முதலில் செய்வது, எது தொடங்காது என்று ஒதுக்குவதுதான்.

அச்சிதழ்கள் வந்ததும் புதிர் பரிசுப் பண்டமாயிற்று. நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப் புதிர்தான் குறுக்கெழுத்துக்கு மூலம். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி இதழின் விற்பனையை ஏற்றினார். நாடெங்கும் நுழைவுக் கட்டணமும் பெருந்தொகைப் பரிசுமாக இது சூதாட்டத்தை நெருங்கியதால், 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. எழுத்துகளையும் சொற்களையும் கூட்டி அடுக்கும் புதிர்களைப் பெயர் சுட்டியே பிடித்த சட்டம் இது. மாதப் பரிசு மொத்தம் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும், திறமையால் வெல்வனவற்றுக்கு அல்ல என்று 1957இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தகர வெண்பாவைச் சூதாட்டம் என்று எந்த நீதிபதியும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜோஷ் வார்டில் உருவாக்கி 2021இல் பொதுவில் விட்ட ‘வேர்டில்’ பரவிய பிறகு, தமிழிலும் அதே பாணி விளையாட்டுகள் வந்தன. இங்கே சிக்கல் வேறு. யூனிகோடு முறையில் ‘னி’ என்பது ‘ன’ ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘ன்’னிலும் புள்ளி தனி. நான்கெழுத்துப் பனியன் கணினிக் கணக்கில் ஆறு. குறிகளைத் திரும்ப எழுத்துகளாகத் தொகுக்கும் நிரலை எழுதிவிட்டுத்தான் தமிழில் புதிரைத் தொடங்க முடியும்.