சாப்பாட்டு நேரத்தில் சிக்கிய விஷம்

பரோடாவில் லேபில் சேர்ந்த புதிது. ஜி.சி. மெஷினில் ஒரு சாம்பிளை ஏற்றினேன். எதிர்பார்த்த பீக் எல்லாம் வந்தது. ரன்னை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறக்கப் போனேன் (அன்றைக்குப் புளியோதரை, அதான் அவசரம்). எங்கள் சீனியர் ஒரு நாக்பூர்க்காரர். "ஏன் நிறுத்தினாய்? மிச்சிகன் மாடுகள் கதை தெரியுமா உனக்கு?" என்றார். தெரியாது. அவர் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

1973, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். பேட்டில் கிரீக் ஊருக்குப் பக்கத்தில் ரிக் ஹால்பர்ட் என்பவர் பால்பண்ணை வைத்திருந்தார். செப்டம்பரில் அவருடைய மாடுகள் தீவனத்தைத் தொட மறுத்தன. தினம் 13,000 பவுண்டு வந்த பால் சில வாரங்களில் 7,600 பவுண்டுக்கு இறங்கியது. குளம்பு கோணல்மாணலாக வளர்ந்தது, முடி கொட்டியது, கன்றுகள் செத்தன. வந்து பார்த்த பலர் பராமரிப்பு சரியில்லை என்றே சொன்னார்கள். ஆனால் ஹால்பர்ட் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். சந்தேகம் தீவனத்தின் மேல் போனது. அந்தத் தீவனத்தை மட்டும் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவையும் செத்தன. சாம்பிளை எடுத்துக்கொண்டு லேப் லேபாக அலைந்தார். எல்லா இடத்திலும் வழக்கமான பூச்சிமருந்துகளைத் தேடினார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்.

இந்த மெஷின் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.சி. என்பது கேஸ் குரோமட்டோகிராஃப். சாம்பிளை ஆவியாக்கி நீளமான ஒரு குழாய்க்குள் அனுப்புவோம். லேசான பொருள் முதலில் ஓடி வந்துவிடும், கனமானது மெதுவாக வரும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது தாளில் ஒரு மேடு. அதுதான் பீக். தேடுகிற பொருள் வருகிற நேரம் தெரியும் என்பதால், அது தாண்டியதும் நிறுத்திவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம்.

1974 ஜனவரி வாக்கில், அயோவா மாநிலம் ஏம்ஸில் உள்ள அரசு கால்நடை நோய் ஆய்வகத்தில் யாரோ மெஷினை நிறுத்தாமல் சாப்பிடப் போய்விட்டார் என்று சொல்வார்கள். திரும்பி வந்து பார்த்தால், எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்துப் புதிதாகப் பீக்குகள்! ஏதோ கனமான பொருள் என்று தெரிந்தது. என்ன பொருள் என்று தெரியவில்லை. அதைச் சொன்னவர் பெல்ட்ஸ்வில்லில் இருந்த அரசு விஞ்ஞானி ஜார்ஜ் ஃபிரீஸ். அவர் முன்பே அந்தப் பொருளை ஆராய்ந்தவர். 1974 ஏப்ரலில் பெயர் வந்தது: பாலிபுரோமினேட்டட் பைஃபினைல், சுருக்கமாக பி.பி.பி. பிளாஸ்டிக் சுலபத்தில் தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் சேர்த்த சரக்கு.

அது மாட்டுத் தீவனத்துக்குள் எப்படி வந்தது? இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம். மிச்சிகன் கெமிக்கல் கம்பெனி இரண்டு பொடிகள் தயாரித்தது. தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடுக்குப் பெயர் நியூட்ரிமாஸ்டர். பி.பி.பி.க்குப் பெயர் ஃபயர்மாஸ்டர். பேரைப் பாருங்கள்! இரண்டும் 50 பவுண்டு மூட்டை. அச்சடித்த பைகள் தட்டுப்பாடு என்று சாதாரணப் பையில் பெயரை மட்டும் குத்தி அனுப்பினார்கள். 10 முதல் 20 மூட்டை மாறிப் போயிருக்கும் என்று கணக்கு. அவ்வளவுதான்.

பி.பி.பி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மாட்டின் உடம்பில் தங்கி, பாலில் கொழுப்போடு இறங்கும். பாலில் கொழுப்பு 4 சதவீதம் இருந்தால் செடார் மாதிரியான சீஸில் 33 சதவீதம், வெண்ணெயில் 80 சதவீதம். நம் வீட்டில் பாலைத் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் போகும், கொழுப்பு திரளும், கூடவே இந்தச் சனியனும் திரளும். காய்ச்சினாலும் போகாது. அதனால்தான் சட்ட வரம்பையே பாலில் இத்தனை என்று வைக்காமல், பாலில் உள்ள கொழுப்பில் இத்தனை என்று வைத்தார்கள். முதலில் 10 லட்சத்தில் 1 பங்கு. 1974 நவம்பரில் 0.3. மாநில அரசு 1977-ல் 0.02 ஆக்கியது. மூன்று வருஷத்தில் ஐம்பதில் ஒரு பங்கு! அப்படியானால் நடுவில் "பாதுகாப்பானது" என்று விற்ற பாலும் சீஸும் என்ன கணக்கு?

சுமார் 30,000 மாடுகள், 15 லட்சம் கோழிகள் கொன்று புதைக்கப்பட்டன. 50 லட்சம் முட்டை, 8 டன் சீஸ், ஒரு டன்னுக்கு மேல் வெண்ணெய் அழிக்கப்பட்டது. ஆனால் அது கையில் சிக்கிய சரக்குதான். 1973 இலையுதிர் காலம் தொடங்கி 1974 வசந்தம் வரை, பெயர் தெரியாத அந்த மாதங்களில், ஊர் முழுக்க சாப்பிட்டு முடித்திருந்தது.

ராய் டகோமா என்ற விவசாயி கம்பெனி மேல் வழக்குப் போட்டார். ஓராண்டுக்கு மேல் விசாரணை நடந்தது. அவருடைய மாடுகளில் இருந்தது குறைந்த அளவு, அதனால் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை என்று 1978-ல் நீதிபதி தள்ளிவிட்டார். நீதிபதியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "பொருள் இருக்கிறது" என்று சொல்ல மெஷின் உண்டு. "இந்த மாடு இதனால்தான் விழுந்தது" என்று சொல்ல எந்த மெஷினும் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அடுத்த சாம்பிளை ஓட்டினேன். நடுவில் சம்பந்தமே இல்லாமல் அகலமாக ஒரு மேடு. முதல் சாம்பிளில் இருந்து வெளியே வராமல் குழாய்க்குள் தங்கியிருந்தது, இதில் வந்து விழுந்திருக்கிறது. முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. போய்த் திரும்ப வாங்கி வந்தேன். சீனியர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாலைக் குடித்த மிச்சிகன் குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. கருவிலும் தாய்ப்பாலிலும் பி.பி.பி. அதிகம் பெற்ற பெண் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பெரியவளானதாக 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குடும்பங்களின் ரத்தத்தைப் பல வருஷங்களாக எமரி பல்கலைக்கழகத்தில் சோதித்து வந்தார்கள். நாற்பது வருஷம் கழித்தும் பலருடைய ரத்தத்தில் அந்தக் கடைசிப் பீக் இருந்தது.