தாளிடைத் தாள்



காலையில் வாயிற்படியில் வந்து விழும் செய்தித்தாளை எடுத்துப் பிரிக்கின்றேன். செய்தி கண்ணிற் படுமுன்பே நான்கைந்து வண்ணத் துண்டுத் தாள்கள் மடியில் வந்து விழுகின்றன. ஒன்று புடைவைக் கடையின் தள்ளுபடியைக் கூறுகின்றது. மற்றொன்று வீட்டுமனை விற்பனையைக் கூறுகின்றது. வேறொன்று உங்களைப் போன்ற மாணவரைத் தனிப்பயிற்சிக்கு அழைக்கின்றது. இவற்றை ஒதுக்கிவிட்டு நோக்கினால், சில நாட்களில் முதற்பக்கத்தின்மேல் மற்றொரு முதற்பக்கம் போர்வைபோற் கிடக்கின்றது, அதுவும் விளம்பரமே. பழைய நூல்களிற் பிற்காலத்தார் புகுத்திய பாடல்களை 'இடைச்செருகல்' என்று கூறிப் புலவர் சினங்கொள்வர். அச்சினம் எத்தகையது என்பதை நான் காலைதோறும் உணர்கின்றேன்.

இச்சினத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தபின் என் சினம் முற்றும் அடங்கிவிடவில்லை. எதன்மேற் சினப்பது, எதனைப் பொறுப்பது என்ற தெளிவு மட்டும் பிறந்தது. அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இலண்டன் மாநகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே விளம்பரம் பெருகியிருந்தது. ஆங்கில அகராதி இயற்றிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் 1759ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், விளம்பரங்கள் அளவிறந்து பெருகியமையால் அவற்றை எவரும் கருத்தூன்றிப் படிப்பதில்லை என்று குறிப்பிட்டார். அத்தொழில் இனித் திருத்துதற்கு இடமில்லாதபடி முதிர்ந்துவிட்டது என்றும் அதே கட்டுரையில் எழுதினார். பேரறிஞரும் வருங்காலத்தைக் கணிப்பதில் தவறுவது உண்டு!

அக்காலத்து ஆங்கில அரசாங்கம் விளம்பரத்தின்மேல் வரி விதித்திருந்தது. 1712இல் விளம்பரம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று தொடங்கிய அவ்வரி, 1815இல் மூன்றரை ஷில்லிங்காக உயர்ந்தது. விளம்பரம் இரண்டு வரியாயினும் இருபது வரியாயினும் வரி ஒன்றே. 1833இல் அது ஒன்றரை ஷில்லிங்காகக் குறைந்தது. 1853இல் அடியோடு நீங்கியது. செய்தித்தாள் முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் நீங்கின. அறிவின்மேல் விதித்த வரிகள் என்று இவற்றை எதிர்த்துப் போராடியவர்கள் வெற்றி பெற்றனர். செய்தித்தாள் எளியவர் கைக்கும் எட்டியது. ஆனால், அறிவு நுழைவதற்காகத் திறந்த அதே வாயிலின் வழியே விளம்பரமும் வெள்ளம்போல் நுழைந்தது.

1836ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நினைவிற்கொள்ளத் தக்கது. பாரிசு நகரில் எமில் த ஜிரார்தேன் என்பவர் 'லா பிரெஸ்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். பிற நாளிதழ்களின் ஆண்டுக் கட்டணம் 80 பிராங்காக இருக்க, அவர் 40 பிராங்குக்கே தம் இதழைத் தந்தார். விலை குறைந்தால் வாசகர் பெருகுவர். வாசகர் பெருகினால் விளம்பரம் பெருகும். விளம்பரப் பணம் விலைக்குறைவை ஈடுசெய்யும் என்பது அவர் கணக்கு. இன்றும் செய்தித்தாள்கள் பலவற்றின் வரவுசெலவு இக்கணக்கின்மேலேயே நிற்கின்றது.

அதே ஆண்டில் இலண்டனில் சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'பிக்விக்' கதை மாதந்தோறும் சிறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. ஒரு பகுதியின் விலை ஒரு ஷில்லிங். கதை புகழ் பெறப் பெற, விளம்பரத் தாள்களும் அப்பகுதிகளில் இடம் பிடித்தன. 1852-53இல் வெளிவந்த 'ப்ளீக் ஹவுஸ்' என்னும் நாவலின் பகுதிகளிலோ, கதைக்கு முன்னும் பின்னும் விளம்பர ஏடுகள் அடர்ந்திருந்தன. அந்நாவலின் பெயருக்குக் குளிர்க்காற்று வீசும் பாழ்மனை என்று பொருள் கூறலாம். ஆடை வணிகர் ஒருவர், அப்பெயருக்கு எதிர்ப்பெயர் ஒன்று படைத்துத் தலைப்பிட்டு, தம் கடை ஆடைகளைப் பரிந்துரைத்தார்! கதையின் அடுத்த நிகழ்ச்சியை அறிய ஒரு மாதம் காத்திருந்த வாசகர், ஏட்டைத் திறந்ததும் கண்டவை மருந்தும் ஆடையும் குடையுமே.

இவற்றுள் விந்தையானது ஒன்று உண்டு. டிக்கன்ஸ் 1870இல் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற 'எட்வின் டிரூட்' நாவலின் இரண்டாம் பகுதியில், தக்கையாலான தொப்பிகளை விற்றவர்கள் மெல்லிய தக்கைத் தகட்டிலேயே தம் விளம்பரத்தை அச்சிட்டுச் செருகினர். எளிதில் உடையக்கூடிய அத்தகடு பல பிரதிகளிலிருந்து மறைந்துபோயிற்று. இன்று அது கெடாமல் உள்ள பிரதியை அரும்பொருளாகக் கருதிச் சேகரிப்போர் தேடுகின்றனர். அன்று ஒருவர் குப்பையில் எறிந்ததை இன்று மற்றொருவர் விலை கொடுத்து வாங்குகின்றார்.

இதன் உண்மையை நானே ஒருமுறை பட்டறிந்தேன். மாணவப் பருவத்தில், முற்காலத்துப் பண்டங்களின் விலைகளை அறிய வேண்டி ஒரு நூலகத்தில் பழைய மாத இதழ்களைப் புரட்டினேன். ஆண்டுவாரியாக அழகுறக் கட்டி வைத்திருந்தனர். ஆனால் கட்டியவர்கள், அட்டைகளும் விளம்பர ஏடுகளும் வீண் சுமை என்று கருதி அனைத்தையும் கிழித்து நீக்கியிருந்தனர். கட்டுரைகள் இருந்தன, கவிதைகள் இருந்தன. ஒரு சோப்பின் விலையோ, ஒரு மிதிவண்டியின் விலையோ, ஒரு பள்ளியின் கட்டணமோ எங்கும் இல்லை. வீட்டில் நான் வெறுத்து எறிந்த தாளை அங்கே ஏங்கித் தேடினேன். அன்றாட வாழ்க்கையை அறிய விளம்பரமும் ஒரு சான்றாகும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் நாட்டு வரலாறும் இதனோடு இயைந்ததே. இந்திய மண்ணில் அச்சான முதற் செய்தித்தாளை 1780இல் கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் தொடங்கினார். அதன் நீண்ட பெயரிலேயே 'விளம்பரத் தாள்' என்று பொருள்படும் சொல் அமைந்திருந்தது. சென்னையில் 1878இல் தோன்றிய 'தி ஹிந்து' நாளிதழின் முதற்பக்கத்தை 1958 வரை விளம்பரங்களே நிறைத்திருந்தன. இலண்டன் 'டைம்ஸ்' இதழும் 1966 மே மாதத்திலேதான் முதற்பக்கத்தைச் செய்திக்கு அளித்தது. ஆகவே, விளம்பரம் நேற்று வந்து முதற்பக்கத்தைக் கவர்ந்துகொண்டது என்று நாம் எண்ணுவது பொருந்தாது.

விளம்பரமே வேண்டா என்று துணிந்தவரும் உண்டு. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் முதலில் விளம்பரங்களை ஏற்றது. பின்னர் அவர் அவற்றை நிறுத்தினார். இதழ் நிலைபெற வேண்டுமாயின் வாசகரே அதனைத் தாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. இந்தியாவில் நடத்திய 'யங் இந்தியா', 'நவஜீவன்' ஆகிய இதழ்களில் தொடக்கம் முதலே விளம்பரத்திற்கு இடம் தரவில்லை. அவ்வழி உயர்ந்தது, அதன் செலவு முழுவதையும் வாசகரே ஏற்க வேண்டும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மாணவர்களே, நாம் கொடுக்கும் சில ரூபாய் செய்தித்தாளின் முழு விலை அன்று. எஞ்சியதை வேறொருவர் கொடுக்கின்றார். தாளிடையே விழும் துண்டுத் தாள்களைச் செருகுவோர் பெரும்பாலும் இதழாசிரியர் அல்லர். ஊர் முகவரும், விடியுமுன் எழுந்து வீடுதோறும் தாள் போடும் இளைஞருமே. அச்சிறு வருவாயின்மேல் நான் சினங்கொள்வதற்கில்லை. விளம்பரம் தன் உருவிலேயே வரும்போது அதனை ஒதுக்கிவிடலாம். அது செய்தியின் உடையை உடுத்துக்கொண்டு வரும்போதே நாம் விழித்திருக்க வேண்டும். நம் சினம் செல்லத் தக்க இடம் அதுவே. எந்தப் பக்கத்தைப் படித்தாலும், இதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாளேனும், ஒரு செய்தித்தாளைத் துண்டுத் தாள் எதனையும் நீக்காது, வந்தவாறே மடித்துப் பெட்டியில் வையுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனைத் திறக்கும் உங்கள் பேரன் பேர்த்தியர், செய்தியைப் படிக்குமுன் அத்துண்டுகளையே ஆவலுடன் எடுத்துப் பார்ப்பர்.