ஆண்டு வாடகை மதிப்பும் ஆட்சேபணை உரிமையும்

ஒரு வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தாலும், சொந்தக்காரரே அதில் குடியிருந்தாலும், ஆளின்றிப் பூட்டிக் கிடந்தாலும், அதை ஒருவர் மாத வாடகைக்கோ வருஷ வாடகைக்கோ எடுப்பதானால் நியாயமாக என்ன தொகை கொடுக்கக்கூடும் என்று அனுமானித்து, அவ்வனுமானத்தின்மேல் வரி விதிப்பதே நம் ஸ்தல ஸ்தாபனங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறையாகும். 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டு நடந்துவந்த மதிப்பீட்டு வழக்கங்களை ஒழுங்குபடுத்த எழுந்த 1836-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கற்பனைக் குடித்தனக்காரரைத் தெளிவாக வரையறுத்தது. 1919-ஆம் ஆண்டின் சென்னை நகர முனிசிபல் சட்டமும், அடுத்த ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் அவரை அப்படியே ஏற்று, கட்டடத்தைச் சார்ந்த வாடகைப் பகுதியில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்துவிட்டு எஞ்சுவதை ஆண்டு மதிப்பு என்று கொண்டன.

கண்ணால் காணாத ஒரு குடித்தனக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையை அதிகாரி ஒருவர் தம் மேஜையில் இருந்தபடி எழுதும்போது, அது முடிந்த தீர்மானமன்று. மறுப்புக் கேட்கப்பட்ட பிறகே மதிப்பு என்ற பெயருக்குத் தகுதி பெறும் உத்தேசம் மட்டுமே. சட்டத்தின் அட்டவணை சிறப்பு அறிவிப்பு, சீராய்வு மனு, வரி மேல்முறையீடு என்று படிப்படியாக வழிவகுத்தது, வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டுவதற்காக அன்று. அனுமானத்தைப் பிரத்தியட்சத்தோடு ஒட்டவைக்க வேறு உபாயம் இல்லாததனாலேயே. ஆகவே ஆட்சேபணையை வசூலுக்கு நேரும் இடையூறாகக் கருதும் மனப்போக்கு மதிப்பீட்டின் இயல்பையே அறியாமையிலிருந்து பிறப்பது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

நீதிமன்றங்கள் இந்த உண்மையை உணர்ந்தே நடந்துவந்தன. கல்கத்தா மாநகராட்சி சம்பந்தமாக 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்த வழக்கிலும், குண்டூர் நகராட்சிக்கு எதிராக வரி செலுத்துவோர் சங்கம் நடத்திய வழக்கிலும், புதுடில்லி நகராட்சியைப் பற்றிய 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் உச்சநீதிமன்றம் ஒரே தத்துவத்தை விரித்துரைத்தது: வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் ஒருவர் பெறுவதை 'நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது' என்று சட்டம் கருத முடியாது, நியாய வாடகை எதுவும் நிர்ணயிக்கப்படாத வீட்டுக்கும் இவ்வரம்பு பொருந்தும். இதனால் நகராட்சிகளின் வருமானம் சுருங்கியது என்பது மெய். பழைய வீடுகளின் மதிப்பு உறைந்து நிற்க, புதிய வீடுகள் பாரத்தைச் சுமந்தன என்பதும் மெய். இந்தச் சங்கடத்திலிருந்து விடுபடும் வழியாகவே விஸ்தீரணத்தை அடிப்படையாகக் கொண்ட முறை பல நகரங்களில் புகுந்தது.

சென்னையில் அது வழங்கும் விதத்தைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். கட்டடத்தின் பரப்பைச் சதுர அடியில் கணக்கிட்டு, அத்தெருவுக்கு மாநகராட்சி நிர்ணயித்த அடிப்படை விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வருகிறது; 2022-ஆம் ஆண்டு உயர்வுக்கு முன் குடியிருப்புகளுக்கு இவ்விகிதம் 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. கட்டடத்தின் வயதுக்கும், சொந்தக்காரரே குடியிருப்பதற்கும் உரிய கழிவுகளைக் கழித்தபின் எஞ்சுவதை 12 மாதங்களால் பெருக்காமல் 10.92 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். வரிச்சீட்டைப் பெறுபவருக்கு விளங்காத அவ்வெண்ணில் 1919-ஆம் ஆண்டுச் சட்டமே ஒளிந்திருக்கிறது: வாடகையில் நிலத்துக்குப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கட்டடத்துக்குரிய நூற்றுக்குத் தொண்ணூறில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்காகத் தள்ளினால் மிஞ்சுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, பன்னிரண்டில் அந்த விகிதமே 10.92. மனுவோடு வருபவருக்கு இதை ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். ஆயினும் விளக்கம் அறிவிப்பிலேயே இராதவரை அவர் எதை மறுப்பது என்று அறியாமலே மறுக்க நேரிடுகிறது.

முறை மாறியபோது ஆட்சேபணையின் எல்லையும் மாறிற்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. வாடகையை ஆதாரமாகக் கொண்டிருந்த நாளில், வீட்டுக்காரர் பக்கத்து வீட்டின் வாடகைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டி மதிப்பீட்டின் மூலத்தையே அசைக்கக்கூடியவராக இருந்தார். விஸ்தீரண முறையில் அவருடைய மனு பரப்பளவு தவறு, கட்டடத்தின் வயது தவறு, மாடியில் கடை இல்லை என்பன போன்ற விவரங்களோடு நின்றுவிடுகிறது. வரியைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் தெரு விகிதமோ, அவர் கைக்கு அறிவிப்பு வருமுன்னரே மன்றத் தீர்மானத்தால் முடிந்துவிட்ட காரியமாகிறது. பரப்பளவை மட்டும் பார்த்து இடத்தையும் உபயோகத்தையும் கட்டுமானத்தையும் பாராது விதித்த கேரளக் கட்டட வரிச் சட்டத்தை உச்சநீதிமன்றம் சமத்துவத்துக்கு விரோதமானது என்று தள்ளிற்று. இம்மூன்றையும் கொண்டு வகைப்படுத்திய பாட்னா நகரின் விதிகளை 1995-இல் ஏற்றுக்கொண்டது. வகைப்படுத்துதலே முறையின் உயிர்நிலை என்றால், அந்த வகையை மறுத்துரைக்கும் சந்தர்ப்பம் வீட்டுக்காரருக்கு வகை உறுதியாகுமுன்பே கிடைக்க வேண்டாமா?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுச் சீராய்வு என்ற ஏற்பாடு அனுசரிக்கப்பட்டிருந்தால் இக்குறை இவ்வளவு உறுத்தியிராது. சென்னையில் 1998-க்குப் பின் 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது; 2022-இல் வந்த உயர்வு, நகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 50 சதவீதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150 என்று அமைந்தது. சிறிய வீட்டுக்காரரிடம் காட்டிய பரிவைப் போற்றலாம். ஆனால் பழைய வரியின்மேல் சதவீதம் ஏற்றுவது மறுமதிப்பீடாகாது. ஒரு தெருவின் விகிதம் 1998-இல் பிழையாக வகுக்கப்பட்டிருந்தால், அப்பிழையும் அதே சதவீதத்தில் பெருகுகிறது, அதை எடுத்துரைக்கும் மனுவுக்கோ இடம் இல்லை. தாமதித்த மதிப்பீடு எத்தகைய கொந்தளிப்பை விளைவிக்கும் என்பதற்கு ஸ்காத்லாந்து சாட்சி: 1985-ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டால் எழுந்த எதிர்ப்பு, வீட்டு வரியையே ஒழித்து 1989-இல் தலைவரியைக் கொணர்வதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அத்தலைவரி ஒழிந்த பின் இங்கிலாந்தில் 1993-இல் வந்த வரியோ இன்றளவும் 1991 ஏப்ரல் மாத விலைகளையே பற்றிக்கொண்டு நிற்கிறது. மறுமதிப்பீட்டுக்கு அஞ்சும் ஆட்சியாளர் அங்கும் உண்டு.

இங்கிலாந்திடமிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு மதிப்பிடும் பணி வரியைச் செலவிடும் மன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, மத்திய வருமானத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நம்மிடம் மதிப்பிடுவதும், முதல் ஆட்சேபணையைக் கேட்பதும், வசூலிப்பதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. டில்லி மாநகராட்சிக்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுபோல், வழக்கில் உள்ள வரியை முன்னதாகக் கட்டினாலன்றி மேல்முறையீடு விசாரிக்கப்படாது என்ற நிபந்தனையும் சேரும்போது, வசதி குறைந்தவர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார். அம்முதற்படியில் அளவு எடுத்த அதிகாரியைத் தவிர்த்து வேறொரு மண்டலத்து அதிகாரி மனுவைக் கேட்கலாம். தெரு விகிதப் பட்டியலை, அதற்கு ஆதாரமாகக் கொண்ட வாடகைகளோடு வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே வைத்து, அத்தெருவார் சொல்வதைக் கேட்ட பிறகே மன்றம் தீர்மானிக்கலாம். அலுவலகக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் கணக்குத் தாளின் நகல் ஒன்றை அறிவிப்போடு இணைப்பதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.