துவாரகை முதல் பூம்புகார் வரை: கடலடித் தொல்லியலில் சோனாரும் முக்குளிப்பும்

புனே: துவாரகையில் தொல்லியல் ஆய்வு முதலில் நிலத்தில்தான் தொடங்கியது. புனேயில் உள்ள டெக்கான் கல்லூரி, குஜராத் மாநிலத் தொல்லியல் துறையுடன் இணைந்து, எச்.டி. சங்காலியா வழிகாட்டுதலில் 1963-ஆம் ஆண்டு அங்கு அகழாய்வு நடத்தியது. கடலுக்குள் முறையான தேடல் 1980-களில்தான் தொடங்கியது. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் அதற்குத் தலைமை வகித்தார்.

இத்தகைய ஆய்வில் எடுத்த எடுப்பிலேயே எவரும் கடலில் இறங்குவதில்லை. கப்பலிலிருந்து அனுப்பப்படும் ஒலி அலைகள் எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு சோனார் கருவி கடல் தரையைப் படமாக்குகிறது. ஐயத்துக்குரிய உருவம் தென்பட்ட இடத்தில் மட்டுமே ஸ்கூபா வீரர்கள் இறங்குகின்றனர். அளவு நாடாவால் அளந்து, நீரில் நனையாத பலகையில் பென்சிலால் வரைந்து, படம் பிடிக்கின்றனர். மணல் மூடியிருந்தால், அழுத்தக் காற்று செலுத்தப்பட்ட குழாய் அதை உறிஞ்சி அகற்றுகிறது.

கலங்கிய நீரைவிடப் பெரிய தடை நேரம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 23 மீட்டரில் சிலிண்டர் காற்று, மேற்பரப்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான வேகத்தில் தீர்கிறது. சுவாசிக்கும் நைட்ரஜனும் உடலில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை ஏற்படுத்தக்கூடும். ஆகவே அந்த ஆழத்தில் ஒருமுறை இறங்கினால் கிடைப்பது சுமார் அரை மணி நேரமே.

பூம்புகாரின் புதிர் கிடப்பதும் அதே 23 மீட்டரில்தான். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 1991-இல் சோனாரில் பதிவான குதிரை லாட வடிவ அமைப்பை, 1993-இல் வீரர்கள் இறங்கிப் பார்த்தனர். அதன் சுற்றளவு சுமார் 85 மீட்டர், உயரம் 2 மீட்டர். சில இடங்களில் கல் வரிசைகள் இருப்பதாக அவர்கள் பதிவு செய்தனர். ஆனால் வண்டலும் கடல் உயிரினங்களும் அதை மூடியிருந்தன. மனிதர் கட்டியதா, இயற்கையாக உருவானதா என்பது உறுதியாகவில்லை.

துவாரகையின் கல் நங்கூரங்களும் இதே சிக்கலில்தான் உள்ளன. கல்லை நேரடியாகக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்த இயலாது. ஒரே வடிவ நங்கூரம் பல நூற்றாண்டுகள் புழங்கியிருக்கலாம். அவற்றை ராவ் மிகப் பழமையானவையாகக் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் பிற்காலத்தவை என்றனர். உடன் கிடைக்கும் மட்பாண்டமோ மரத்துண்டோதான் இதைத் தீர்க்க வல்லது.

இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவு 2001-இல் உருவானது. அலோக் திரிபாதி தலைமையில், பெண் தொல்லியலாளர்களும் இடம்பெற்ற ஐவர் குழு 2025 பிப்ரவரியில் துவாரகை கடலில் மீண்டும் இறங்கியது. கோமதி முகத்துவாரம் அருகே முதற்கட்ட இடம் தேர்வு செய்யப்பட்டது.