மோகனூர்

மோகனூர், நாமக்கல் மாவட்டத்தின் தென்கோடியில் காவிரியின் வடகரையில் உள்ள பேரூர். நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. தெற்கே இருக்கிறது. எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்து வாங்கல். அதை அடுத்து, சதாசிவ பிரம்மேந்திரரின் அதிஷ்டானம் உள்ள நெரூர். ஆறு இங்கே அகன்று ஓடுகிறது. ஆகஸ்ட் 2018-இல் மேட்டூரிலிருந்து சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது போல, பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் தாழ்ந்த கரைப்பகுதிகள் அஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

ஊரை வாழவைப்பது ஆறு மட்டுமல்ல, வாய்க்காலும்தான். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், 17-ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயகர் வெட்டியது என்பது வழக்கு. குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் அதைச் சேர்ந்தவை. சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காடுகள் மழையை எதிர்பார்த்துக் கிடக்க, பரமத்தி வேலூரிலிருந்து மோகனூர் வரை வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால், பாய் நெசவுக்கான கோரை என்று பச்சை மாறாமல் நிற்பதற்கு இதுவே காரணம். கடைமடையில் இருப்பதால், தண்ணீர் குறையும் ஆண்டில் முதலில் முணுமுணுப்பதும் மோகனூர்தான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலம் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். அதன்பின் நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்து, மீண்டும் சேலத்துக்குத் திரும்பியது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முன்பே தோன்றியதால்தான் மோகனூரில் இருக்கும் ஆலைக்கு இன்றும் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்றே பெயர்.

ஆற்றோரத்து அசலதீபேஸ்வரர் கோயிலில் கருவறைத் தீபம் அசையாது எரியும் என்பது நம்பிக்கை. ஆடிப்பெருக்கன்று கரை கொள்ளாது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் தீர்த்தக் குடம் எடுக்க இங்கேதான் வருவார்கள்.

ஊரின் பெயர் வெளியே தெரிந்தது வெ. இராமலிங்கம் பிள்ளையால். 1888 அக்டோபர் 19 அன்று இங்கே பிறந்தவர், ஓவியர், 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக யாத்திரைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர், 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானவர். அவருடைய 'மலைக்கள்ளன்' நாவல் 1954-இல் திரைப்படமானது. ஆனால் நாடு அவரை நாமக்கல் கவிஞர் என்றே அழைக்கிறது, நினைவில்லமும் நாமக்கல்லில்தான். பிறந்த ஊருக்கு இது சற்றுக் குறைதான்.

வாங்கலுக்குப் போக வெகுகாலம் பரிசலே கதி. 2013-இல் சேலம்–கரூர் அகல ரயில்பாதை திறக்கப்பட்டு மோகனூருக்கு ரயில் நிலையம் வந்தது. சில ஆண்டுகளில் சாலைப் பாலமும் வந்தது. அதன்பின் கரூர் சந்தையும் ஜவுளிக் கம்பெனிகளும் கைக்கெட்டும் தூரமாயின.

இன்று கரையோரத்தில் ஓயாத வழக்கு மணலைப் பற்றியது. மணல் குவாரி கூடாது என்று விவசாயிகள் எதிர்த்து வருகிறார்கள். படுகையில் மணல் போனால் ஊற்றுநீர் தாழ்ந்து, கரைக் கிணறுகள் வற்றும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாமக்கல் நகரம் நெடுங்காலம் குடித்து வந்தது இந்தப் படுகையின் நீரைத்தான்.