ஊமத்தை முளையத்துக்கு இளநீர்

கலேவெலவில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில், இழைய வளர்ப்புப் பாடம் வந்தால் மேசையில் ஓர் இளநீரையும் வேலியோரத்து ஊமத்தைக் காயையும் வைத்துத்தான் தொடங்குவேன். காயைத் தொட்ட பிள்ளைகள் கை கழுவ வேண்டும். அதன் விதை நஞ்சு.

அல்பர்ட் பிளேக்ஸ்லி என்ற அமெரிக்க மரபியலாளர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஊமத்தையோடு கழித்தவர். அதற்கு 12 சோடி நிறமூர்த்தங்கள். எதில் ஒன்று கூடினாலும் காயின் வடிவம் மாறும். மாற்றத்தைப் பார்த்தே அது எந்த நிறமூர்த்தம் என்று கண்டுகொண்டார். பிறகு ஊமத்தை இனங்களை ஒன்றோடொன்று கலக்க முயன்றார். பூவுக்காகத் தோட்டத்தில் வளர்க்கும் இனங்களும் அவற்றில் உண்டு. பல கலப்புகளில் கருக்கட்டல் நடந்தது, ஆனால் முளையம் பிழைக்கவில்லை. ஒரு கலப்பில் ஆரம்பத்திலேயே நின்றது, இன்னொன்றில் சற்று வளர்ந்து நின்றது. முளையத்துக்கு உணவூட்டும் வித்தகவிழையம் கெட்டுப்போக, உள்ளே இருந்த முளையம் பட்டினியால் செத்தது.

அப்படியானால் முளையத்தை வெளியே எடுத்து ஊட்டலாமே? ஜெர்மனியில் லைபாக் 1925இல் ஆளி இனங்கள் இரண்டின் கலப்பில் அதைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் ஊமத்தையில், இதய வடிவ நிலையில் இருந்த மிகச் சிறிய முளையங்களுக்குச் சீனியும் உப்புகளும் போதவில்லை. 1941இல் வான் ஓவர்பீக், மேரி கொங்க்ளின், பிளேக்ஸ்லி மூவரும் தேங்காய்த் தண்ணீர் சேர்த்தார்கள். முளையங்கள் வளர்ந்தன. வியப்பதற்கில்லை: அந்தத் தண்ணீரே திரவ வித்தகவிழையம், ஒரு முளையத்துக்காக மரம் சேர்த்துவைத்த பால். கலங்களைப் பிரியத் தூண்டும் சைற்றோகைனின்கள் அதில் உண்டென்பது பின்னர் தெரியவந்தது. குருநாகல் வீதியோரத்தில் செவ்விளநீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வந்ததில்லை.

வழி இளநீர் ஒன்றுதான் என்றும் இல்லை. 1944இல் பிளேக்ஸ்லியும் சோஃபியா சட்டினாவும் மோல்ட் சாறு கலந்த ஊடகத்தில் முளையங்களை வளர்த்து, அதுவரை கிடைக்காத கலப்பினங்களைப் பெற்றார்கள். இசையமைப்பாளர் ரக்மானினொவின் மைத்துனி இந்தச் சட்டினா.

அடுத்த திருப்பம் நம் பக்கத்து நாட்டில். 1964இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தக்கூடுகளை வளர்த்தபோது, உள்ளிருந்து முளையங்கள் கிளம்பின. தாயின் பங்கே இல்லாமல் மகரந்தமணியிலிருந்து பிறந்தவை அவை. பாதி நிறமூர்த்தங்கள், 12 மட்டும். அவற்றை இரட்டிப்பாக்கினால், பல தலைமுறை தற்கலப்பில் கிடைக்கும் தூய வழி ஒரே தலைமுறையில் கையில் வரும். நெல் இனவிருத்தியாளர்கள் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.